தபாலில் வந்த ஒரே ஓட்டு

கோஸ்கி, மிச்சிகன்
மே 14, 2018

அன்புள்ள தம்பி ரூடிக்கு,

நான் நலம், இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் விட்டதா? கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஈஸ்டர் அன்று போனில் நாற்பது நிமிடம் கட்சிச் சண்டை போட்டோம். அம்மாவைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. போனை வைத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதும்போது கத்த முடியாது. ஒரே நிபந்தனை, அரசியல் வேண்டாம். நானும் எழுத மாட்டேன், நீயும் எழுதாதே.

அம்மா சாப்பிடுகிறாள், ஆனால் என் கையால் ஊட்டினால்தான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருக்கும் லோயிஸ் எவ்வளவோ கெஞ்சிப் பார்க்கிறாள், வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை போகிறேன். இல்லம் ஐந்து நிமிடத் தூரத்தில் இருப்பதால் என்னால் முடிகிறது.

ஆகஸ்ட் 7 அன்று இல்லத்தை நடத்த ஊர் கட்டுகிற வரிக்கு ஓட்டு. ஆறு வருடத்துக்கு ஒரு முறை ஊர் 'சரி' என்று சொன்னால்தான் இல்லம் நடக்கும். தோற்றால் வருடக் கடைசிக்குள் மூட வேண்டும், அங்கிருக்கும் பதினோரு பேரும் தொண்ணூறு மைல் தள்ளிப் போக வேண்டும். இது பத்திரிகையில் வந்த செய்தி, அதனால் எழுதுகிறேன். தேர்தலை நடத்துகிற ஊர் கிளார்க் நான், இதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக நான் யாரிடமும் இப்படிப் போடு, அப்படிப் போடு என்று சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

தபால் ஓட்டு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். நம் ஊரில் தபாலில் போடுகிற ஒரே ஆள் நீதான். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு எய்னோ மாமாகூட ஓட்டு நாளில் ஊர் ஹாலுக்கு வந்துவிடுகிறார். "காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் தபால்ல வருமா?" என்கிறார்.

ஜாக்கிரதையாக இரு.

உன் அக்கா,
ஆர்லீன்


டிட்ராய்ட் ஆறு
ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வாளியில் வந்தது. தபால் படகு பக்கத்தில் வரும், நாங்கள் கயிற்றில் வாளியை இறக்குவோம், கடிதங்கள் மேலே வரும். இந்த முறை வாளியில் எனக்கு மட்டும்தான் கடிதம். மற்றவர்களுக்கெல்லாம் பில்.

இருமல் இல்லை. முதுகுவலி இருக்கிறது, அது என்னோடு பிறந்ததுதான். டுலூத்தில் இரும்புத் தாது ஏற்றிக் கிளீவ்லாந்தில் கொட்டுகிறோம், திரும்பப் போய் ஏற்றுகிறோம். சுரங்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவன் இப்போது அதையே சுமந்துகொண்டு அலைகிறேன்.

நிபந்தனைக்குச் சம்மதம். ஆனால் ஒன்று சொல்கிறேன், இது அரசியல் அல்ல, பனி. போன ஜனவரியில் நான் வந்தபோது ஊர் வண்டி எல்லாப் பாதையிலும் பனி தள்ளியது, என் வீட்டுப் பாதையை மட்டும் விட்டுவிட்டது. கேட்டதற்கு, "நீதான் இங்க இருக்கிறதே இல்லையேப்பா" என்றார்கள். வரி நோட்டீஸ் மட்டும் எந்தப் பனியிலும் வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது. சுரங்கத்தை மூடி எங்களை வெளியே தள்ளியபோதும் ஊர்க் கூட்டத்தில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதெல்லாம் எனக்கு மறக்கவில்லை.

நேற்று சாப்பாட்டு மேசையில் சமையல்காரன் டோபின் கேட்டான்: "உங்க ஊர்ல ஆளே இல்லையேடா, அங்க எதுக்குடா வரி?" "எங்க ஊர் மானெல்லாம் சேர்ந்து வரி போடச் சொல்லுச்சுடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு என் பெயர் ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டால் இருப்பதாகவே எழுது.

தம்பி,
ரூடி


கோஸ்கி
ஜூலை 12

அன்புள்ள ரூடிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கொசுக்கள் இன்னும் சுகம். உன் முதுகுக்கு வெந்நீர்ப் பை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு உன் பெயர் ஞாபகம் இருக்கிறது. நீ சொல்லிக் கொடுத்தபடி எழுதவில்லை, நிஜம்தான். என் பெயரைத்தான் மறந்துவிட்டாள். என்னை அந்தப் பொண்ணு என்கிறாள். "அந்தப் பொண்ணு வந்தாத்தான் சாப்பிடுவேன்" என்று லோயிஸிடம் சொன்னாளாம். அது போதும் எனக்கு.

வாக்குச்சீட்டு அனுப்பியிருக்கிறேன். உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதே.

எல்லாத் தபால் பெட்டியிலும் ஒரு மஞ்சள் அட்டை கிடக்கிறது. சீட்டில் எந்த வரி வந்தாலும் 'வேண்டாம்' வட்டத்தைக் கருப்பாக்கு என்று போட்டிருக்கிறது. உன் கட்சி அனுப்பியது. வீடு வீடாகப் போட்டவன் உன் சிநேகிதன் ஜெரால்ட். அவன் மனைவி லோயிஸ் அதே இல்லத்தில் வேலை செய்கிறாள், அவனுடைய அத்தை அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் இருக்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

பழைய முடிவுத் தாள்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா காலத்தில் பத்தில் எட்டுப் பேர் டெமாக்ரட் கட்சி. எதிர்க்கட்சிக்கு விழும் நாற்பது ஓட்டு யாருடையது என்று ஊருக்கே தெரியும். இப்போது அப்படியே தலைகீழ். மிச்சம் இருக்கும் கொஞ்சம் பேரையும் அதே மாதிரி எல்லோருக்கும் தெரியும், நான் உட்பட. ஆனால் இல்லத்து வரி மட்டும் இரண்டு காலத்திலும் தோற்றதில்லை. ஒவ்வொரு முறையும் அறுபது எழுபது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறது. இது அரசியல் இல்லை, பழைய தாளில் இருப்பது. ஒப்பந்தத்தை மீறினேன் என்று சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
ஆர்லீன்


சுப்பீரியர் ஏரி
ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன், அடுத்த துறைமுகத்தில் இறங்குகிறவனிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஓட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். மஞ்சள் அட்டை எனக்கும் வந்தது, ஜெரால்ட் கப்பல் விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறான். பின்பக்கத்தில், "மீன் பிடிக்க எப்படா வர்ற?" என்று எழுதியிருந்தான். அதற்காக மட்டும் வைத்திருக்கிறேன்.

இல்லத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. நீயே எழுதியிருக்கிறாயே, அறுபது எழுபது ஓட்டு என்று. அது எப்போது தோற்றிருக்கிறது?

அம்மாவுக்கு என் முத்தம்.

ரூடி


கோஸ்கி
ஆகஸ்ட் 9

அன்புள்ள ரூடிக்கு,

நலம்தானே?

இல்லத்து வரி தோற்றுவிட்டது. சரி 118, வேண்டாம் 118. சமமாக வந்தால் தோல்வி என்பதுதான் விதி. மூன்று முறை எண்ணினோம்.

உன் உறை வந்து சேர்ந்தது. அதையும் எண்ணினோம்.

முடிவுத் தாளை வழக்கம்போல ஹால் கதவில் ஒட்டிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னாலும் நினைவில் நிற்கப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்லீன்


டிட்ராய்ட் ஆறு
செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மா எப்படி இருக்கிறாள்? ஒரே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

நூற்றுப் பதினெட்டுப் பேரா? நம் ஊரிலா? அம்மா பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் அவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். அந்தப் பிள்ளைகள்தானே இப்போது ஓட்டுப் போடுகிறவர்கள்? எனக்கு மனசே ஆறவில்லை. வேலையில் இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

யார் யார் என்று நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஏரிக்கரையில் புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள், அவர்கள் வீட்டுக் கிழவி யாரும் இல்லத்தில் இல்லை. மற்றவர்கள்? ஜெரால்ட் சொன்னால் கேட்கிறவர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். எல்லாம் அவன் வேலைதான். சொந்த அத்தையை ரோட்டுக்கு அனுப்பினவன் நம் அம்மாவையா பார்ப்பான்? அவனுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டேன். என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன், நீ திட்டுவாய். இனி அவன் படகில் நான் கால் வைக்கப் போவதில்லை.

இன்னொரு தேர்தல் வைக்க முடியாதா? ஒரே ஒரு ஓட்டுத்தானே அக்கா?

ரூடி


கோஸ்கி
அக்டோபர் 30

அன்புள்ள ரூடிக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நவம்பர் காற்று வருவதற்குள் கம்பளிச் சட்டையை எடுத்து வைத்துக்கொள்.

இன்னொரு தேர்தல் இல்லை. நவம்பர் தேர்தல் சீட்டில் ஏற்றக் கடைசித் தேதி ஆகஸ்ட் 14. ஒரே வாரத்தில் யாராலும் மனு எழுத முடியவில்லை. இல்லத்தின் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

போன மாதக் கடைசியில் அம்மாவை வேனில் ஏற்றினோம். நல்ல கோட்டைப் போட்டுவிட்டதால் சர்ச்சுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டியதும் கேட்டாள்: "எங்கடி கூட்டிட்டுப் போற?"

"வேற வீட்டுக்கும்மா."

"ரூடி வந்தா தேடுவானேடி."

தொண்ணூறு மைல் என்பதால் என்னால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் போக முடிகிறது. மற்ற ஐந்து நாளும் அவள் சாப்பிடுவதில்லை. அங்கே இருக்கும் நர்ஸ்கள் நல்லவர்கள்தான், தட்டை வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்கிறார்கள். நான் போகும் நாளில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது பவுண்டு இளைத்துவிட்டாள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெரால்ட் என் ஆபீசுக்கு வந்தான். மேசையில் வைத்தான். "இத நீயே வெச்சுக்க ஆர்லீன். எங்க வீட்ல இருக்க வேணாம்" என்றான். அப்புறம் "காப்பி இருக்கா?" என்று கேட்டான். குடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு ஒரு வரி மன்னிப்புக் கேட்டு எழுது ரூடி. ஏன் என்று கேட்காதே.

அக்கா,
ஆர்லீன்


கிளீவ்லாந்து
டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு என்ஜின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது. உன் முழங்காலை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் ஓட்டாதே என்று சொல்ல வாய் வரவில்லை, நீ போகாவிட்டால் அவள் சாப்பிட மாட்டாள்.

ஜனவரி நடுவில் கப்பல் நின்றுவிடும். நேராக அம்மாவிடம் போகிறேன். அங்கேயே அறை எடுத்துத் தங்கி மூன்று வேளையும் நானே ஊட்டுகிறேன். பெயர் ஞாபகம் இருக்கிற மகன் கையால் சாப்பிட மாட்டாளா என்ன?

ஜெரால்டிடம் நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்க மாட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். தபால் ஓட்டை யார் பிரிக்கிறார்கள்? மற்றவற்றோடு கலந்துதானே எண்ணுவீர்கள்? சும்மாதான் கேட்கிறேன். கப்பலில் ஒருவன் பேச்சை எடுத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரூடி


கோஸ்கி
டிசம்பர் 17

அன்புள்ள ரூடிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். காலுறை இரண்டு ஜோடி தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன்.

ஜனவரி நடுவரை காத்திருக்காதே. முடிந்தால் இப்போதே விடுப்புக் கேள். டாக்டர் தேதியெல்லாம் சொல்வதில்லை, ஆனால் நேற்று என் கையாலும் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

நீ கேட்டதற்கு நேரில் பதில் சொல்கிறேன்.

ஆர்லீன்


ஸ்டர்ஜன் பே, கப்பல் பட்டறை
பிப்ரவரி 11, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ தூங்குகிறாயா? சாமான்களையெல்லாம் ஒரே நாளில் எடுத்து வைக்காதே, அம்மா சட்டைகளை நான் வந்த பிறகு பார்க்கலாம்.

ஜனவரி 5 அன்று அம்மா போய்விட்டாள் என்று நீ போன் செய்தபோது நான் டுலூத்தில்தான் இருந்தேன். முன்பே விடுப்புக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

நேரில் ஒரு வாரம் இருந்தேன், நீயும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சர்ச்சில் எல்லோரும் என்னை அப்படித் தாங்கினார்கள். லோயிஸ் என் தட்டு காலியாகவே விடவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்க ரூடி, ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்க" என்று அள்ளி அள்ளி வைத்தாள். எய்னோ மாமா குழாயோடு எழுந்து நின்று கை கொடுத்தார். நான் அவ்வளவு கேவலமாக எழுதியிருந்தும் ஜெரால்ட் சவப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினான். நான் இவர்களையெல்லாம் தப்பாக நினைத்துவிட்டேன் என்று எனக்கு உடம்பே கூசியது.

அக்கா, நான் வேண்டாம் என்று போட்டேன். மஞ்சள் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வேண்டாம், வேண்டாம் என்று கருப்பாக்கிக்கொண்டே வந்தேன். இல்லத்து வரி வந்ததும் பேனா நின்றது. அது எப்படியும் ஜெயிக்கும், ஒருத்தனாவது கோபமாக இருக்கிறான் என்று அந்தப் பனி தள்ளாதவர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். அறுபது ஓட்டில் ஜெயிப்பதற்கு ஐம்பத்தெட்டு ஓட்டில் ஜெயிக்கட்டுமே. அவ்வளவுதான் நினைத்தேன்.

இது உன்னோடு இருக்கட்டும். ஊருக்குத் தெரிந்தால் நான் அங்கே தலைகாட்ட முடியாது. என் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து அடித்துவிடு.

ரூடி


கோஸ்கி
மார்ச் 3, 2019

அன்புள்ள ரூடிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் இரண்டு மணி நேரம் தூங்குகிறேன், விழித்துக்கொள்கிறேன், பிறகு தூங்குவதில்லை.

ஆகஸ்ட் 7 மாலை எட்டு நாற்பதிலிருந்து எனக்குத் தெரியும். வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஹாலில் போட்ட ஓட்டுகளை எண்ணி முடித்திருந்தோம். சரி 118, வேண்டாம் 117. மேசையில் ஒரே ஒரு உறை இருந்தது. நம் ஊரில் தபால் உறையைக் கடைசியில் பிரிப்போம், முடிவுத் தாளில் தனி வரியில் எழுதுவோம். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மறுநாள் மத்தியானத்துக்குள் கதவில் இருந்த தாளை ஊரே படித்துவிட்டது. தபாலில் வந்தவை: சரி 0, வேண்டாம் 1.

அவர்கள் எல்லோருக்கும் தெரியும் ரூடி. தட்டை நிரப்பிய லோயிஸுக்குத் தெரியும், அவள் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினவள். எய்னோ மாமாவுக்குத் தெரியும். உன் கடிதம் கையில் வந்தபோது ஜெரால்டுக்கும் தெரியும். அட்டையைத் தெருத் தெருவாகப் போட்டவன், இல்லத்துக்கு மட்டும் சரி என்று போட்டிருக்கிறான். லோயிஸ் சொன்னாள். "ரூடியும் அப்படித்தான் போடுவான்னு நெனச்சேன், அவங்க அம்மாவாச்சே" என்றானாம். உனக்கு அட்டை அனுப்பியதற்காக அவன் இன்னும் என் கண்ணைப் பார்ப்பதில்லை.

இனி எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் உறைமேல் இருந்த கையெழுத்து தண்ணீர் பட்டுக் கரைந்திருந்தது. லோயிஸ் கேட்டாள்: "இது ரூடி கையெழுத்து மாதிரியே இல்லையே ஆர்லீன். விதிப்படி இது செல்லாதுல்ல?" விதிப்படி செல்லாது. ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். மற்ற யார் உறையாக இருந்தாலும் ஒதுக்கியிருப்பேன். ஆனால் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தால் மறு எண்ணிக்கை கேட்பார்கள், இரண்டாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. உள்ளே என்ன இருக்கும் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. "என் தம்பி கையெழுத்து எனக்குத் தெரியாதா? செல்லும்" என்று சொல்லி நானே பிரித்தேன்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை விதியை மீறினேன். மீறாமல் இருந்திருந்தால் அம்மா ஐந்து நிமிடத் தூரத்தில் இருந்திருப்பாள். அதனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மன்னிக்கவும் வரவில்லை. உன்னையும் முடியவில்லை, என்னையும் முடியவில்லை. ஆகஸ்டிலிருந்து முயற்சி செய்கிறேன்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொல்லி புது கிளார்க்குக்கு நீதான் எழுத வேண்டும். புது கிளார்க் லோயிஸ்.

மண் இன்னும் உறைந்து கிடக்கிறது, குழி தோண்ட முடியாது. அம்மா கல்லறைத் தோட்டத்துக் கிடங்கில்தான் இருக்கிறாள், மே 18 அன்று அடக்கம். நீ வர வேண்டும். சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பாடு இருக்கும். லோயிஸ் உன் தட்டை நிரப்புவாள், ஜெரால்ட் உன் கோட்டை வாங்கி மாட்டுவான். அவர்களுக்குத் தெரியும் என்பது இப்போது உனக்குத் தெரியும். அவர்கள் எதையும் காட்டிக்கொள்ள மாட்டார்கள், நீ சாகும்வரை காட்டிக்கொள்ள மாட்டார்கள். நீ உட்கார்ந்து சாப்பிடு, நன்றி சொல். எனக்கு எதிரே இடம் பிடித்துக்கொள், பக்கத்தில் வேண்டாம்.

குளிர் விடும்வரை காதை மூடிக்கொண்டு போ.

ஆர்லீன்